உங்களுக்குத் தெரியுமா? – தெர்மோஸ்டாட்டின் மறுபக்கம்

அலுவலக வளாகம், மருத்துவமனை, ஓட்டல் என்று பெரிய கட்டடம் எதுவானாலும் அறைக்கு ஒன்றாக நூற்றுக்கணக்கில் தெர்மோஸ்டாட் தேவைப்படுகிறது. ஒவ்வொன்றும் கம்பி வழியாகவோ வயர்லெஸ் வழியாகவோ கட்டட மேலாண்மைக் கணினியோடு, அதாவது பிஎம்எஸ்ஸோடு பேச வேண்டும். சில்லர் வாங்கும்போது நடக்கும் விசாரணையில் கால்வாசிகூட இதற்கு நடப்பதில்லை. திரை பார்க்க நன்றாக இருக்கிறதா, விலை கட்டுப்படியாகிறதா, ஆர்டர் போட்டாயிற்று. வம்பெல்லாம் முகப்புக்குப் பின்னால் இருக்கிறது. அந்தப் பக்கத்துச் சங்கதிகள் சில:

●

அறைத் தெர்மோஸ்டாட் பிறந்தது ஒரு வாத்தியாரின் எரிச்சலில். அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலத்தில், வொயிட்வாட்டர் ஊரின் ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியில் பேராசிரியராக இருந்தவர் வாரன் ஜான்சன். பாடம் நடக்கும்போதே கட்டடப் பணியாள் வகுப்புக்குள் வருவார், வெப்பமானியைப் பார்ப்பார், கீழே போய் சூடான காற்று வரும் வழியைத் திறப்பார் அல்லது அடைப்பார். இந்தத் தொந்தரவை நிறுத்த ஜான்சன் ஒரு மின் கருவி செய்து 1883-ல் காப்புரிமை பெற்றார். அறையின் வெப்பம் மாறினால் நிலவறையில் மணி அடிக்கும். ஆள் மேலே வர வேண்டியதில்லை. 1885-ல் அவர் மில்வாக்கியில் தொடங்கிய நிறுவனம்தான் இன்றைய ஜான்சன் கன்ட்ரோல்ஸ். உணர்வது ஓரிடம், செயல்படுவது வேறிடம், நடுவே ஒரு கம்பி. அந்த வகையில் முதல் அறைத் தெர்மோஸ்டாட்டே நெட்வொர்க் தெர்மோஸ்டாட்தான். பிஎம்எஸ் ஆபரேட்டர் வேலையை அந்தப் பணியாள் பார்த்தார்.

●

ஹனிவெல் நிறுவனம் 1953-ல் விற்பனைக்குக் கொண்டுவந்த வட்டத் தெர்மோஸ்டாட்டை வடிவமைத்தவர் ஹென்றி டிரேஃபஸ். உள்ளே ஒரு சின்னக் கண்ணாடிக் குமிழில் பாதரசம். குமிழ் சாயும்போது பாதரசம் உருண்டு மின்சுற்றை இணைக்கும். பழைய கட்டடத்தைப் புதுப்பிக்கும் வேலை எடுப்பவர்கள் கழற்றிய பெட்டிகளை மொத்தமாகக் காயலான் கடைக்கு அனுப்பும் முன் உள்ளே ஒருமுறை பார்த்துவிடுவது நல்லது.

●

ஒரே படம், ஏறக்குறைய ஒரே மாடல் பெயர். ஒன்று 24 வோல்ட், இன்னொன்று 230 வோல்ட். அமெரிக்கச் சந்தைக்குச் செய்யப்படும் தெர்மோஸ்டாட்டில் ஆர், சி, ஒய், ஜி, டபிள்யூ என்று முனைகள் இருக்கும். அதில் ஓடுவது 24 வோல்ட் மாறுமின்சாரம். நம் ஊரிலும் ஐரோப்பாவிலும் சில்ட் வாட்டர் ஃபேன் காயில் யூனிட்டுக்குப் போகும் தெர்மோஸ்டாட்டில் பெரும்பாலும் நேரடியாக 230 வோல்ட் வரும்; மின்விசிறியின் மூன்று வேகங்களும் அந்த முனைகளிலிருந்தே பிரியும். விலை மலிவாகக் கிடைத்தது என்று அமெரிக்க மாடலை வரவழைத்து நம் ஃபேன் காயிலில் மாட்டினால் முதல் சுவிட்சிலேயே கதை முடியும்.

'சி' முனைக்குத் தனி வரலாறு உண்டு. பழைய தெர்மோஸ்டாட் வெறும் சுவிட்ச் என்பதால் தனக்கென்று மின்சாரம் கேட்காது. வைஃபை வந்ததும் எந்நேரமும் மின்சாரம் வேண்டியதாயிற்று. சி கம்பி இல்லாத பழைய சுவர்களில் சில மாடல்கள் கட்டுப்பாட்டுக் கம்பியிலேயே கொஞ்சம் மின்சாரத்தை உறிஞ்சிப் பிழைத்துக்கொள்ளும். வீட்டில் ஒன்றிரண்டுக்கு அது ஓடும். 300 அறைகளில் அந்த ஏற்பாட்டை நம்புகிறவர்களின் துணிச்சலைப் பாராட்டலாம்.

●

ஃபேன் காயில் ஒரு கான்ட்ராக்டர், வால்வு இன்னொரு சப்ளையர், தெர்மோஸ்டாட் பிஎம்எஸ்காரர். மூன்று ஆர்டர், மூன்றையும் ஒரே மேசையில் வைத்துப் பார்ப்பவர் யாருமில்லை. சைட்டில் வரும் சண்டைகளில் பாதிக்கு மூலம் இதுதான் என்பது என் கணிப்பு.

வால்வின் ஆக்சுவேட்டர் மூன்று ஜாதி. திற, மூடு என்று இரண்டே நிலை உள்ளது ஒன்று. திறக்க ஒரு கம்பி, மூட ஒரு கம்பி என்று கொஞ்சம் கொஞ்சமாக நகர்வது இன்னொன்று. 0 முதல் 10 வோல்ட் வரையிலான சிக்னலுக்கு ஏற்ப அளவாகத் திறப்பது மூன்றாவது. தெர்மோஸ்டாட்டின் வெளியீடு இவற்றில் எதற்கு என்பது ஆர்டரிலேயே முடிவாகிவிடும். அப்புறம் செட்டிங்கில் மாற்றிக்கொள்ளலாம் என்பது எல்லா மாடலுக்கும் பொருந்தாது. மின்விசிறியும் அப்படியே. பழைய மோட்டாருக்கு மூன்று வேகக் கம்பிகள் வேண்டும். இசி மோட்டார் 0–10 வோல்ட் கேட்கும். வால்வுக்கு ஒன்று, விசிறிக்கு ஒன்று என இரண்டு 0–10 வெளியீடு தேவைப்படும் அறைக்கு ஒரே ஒரு வெளியீடுள்ள தெர்மோஸ்டாட் வந்து இறங்குவது அபூர்வமான காட்சி அல்ல.

இன்னொன்று: விலை குறைந்த ஆக்சுவேட்டர்கள் பலவற்றின் உள்ளே மோட்டார் கிடையாது, மெழுகு இருக்கும். சூடானால் மெழுகு விரிந்து வால்வைத் தள்ளும். முழுதாகத் திறக்கச் சில நிமிடங்கள் பிடிக்கும். கமிஷனிங்கில் பொறுமையற்ற எஞ்சினியர் 'வால்வு வேலை செய்யவில்லை' என்று எழுதிவிட்டு அடுத்த அறைக்குப் போயிருப்பார். இவர் போன பிறகு அது நிதானமாகத் திறந்திருக்கும்.

●

இரட்டைக் குழாய் அமைப்பில் ஒரு நேரத்தில் குளிர்ந்த நீர் அல்லது வெந்நீர், இரண்டில் ஒன்றுதான் வரும். நான்கு குழாய் அமைப்பில் இரண்டும் எந்நேரமும் தயார். சென்னைக்கு வெப்பமூட்டும் வேலையே இல்லாததால் இரட்டைக் குழாயும் 'கூலிங் மட்டும்' என்ற செட்டிங்கும் போதும். டெல்லி ஓட்டலுக்கு அது போதாது. நான்கு குழாய் என்றால் சூடாக்கும் அளவுக்கும் குளிர்விக்கும் அளவுக்கும் நடுவே இடைவெளி விட வேண்டும். அமெரிக்காவின் ஆஷ்ரே 90.1 தரநிலை அதை 5 பாரன்ஹீட், அதாவது சுமார் 3 செல்சியஸ் என்று வைத்திருக்கிறது. இல்லாவிட்டால் ஒரே அறையில் கொதிகலனும் சில்லரும் ஒன்றோடொன்று மல்லுக்கட்டும், பில் உரிமையாளருக்கு.

●

ஒரு காலத்தில் ஒரு கம்பெனியின் கன்ட்ரோலர் இன்னொரு கம்பெனியின் தெர்மோஸ்டாட்டோடு பேசாது. ஒருமுறை ஒரு பிராண்டை வாங்கினால் கட்டடம் இடியும்வரை அவர்கள் சொன்ன விலைதான். இதை உடைக்க 1987-ல் ஆஷ்ரே அமைப்பு ஒரு குழு அமைத்தது. தலைமை ஏற்றவர் கார்னெல் பல்கலைக்கழகத்தின் மைக்கேல் நியூமன். பல்கலைக்கழக வளாகத்தில் பல கட்டடங்களின் கருவிகளைக் கட்டி மேய்க்க வேண்டியிருந்தவர், அதாவது விற்கும் தரப்பு அல்ல, வாங்கும் தரப்பு. எட்டு ஆண்டு இழுபறிக்குப் பின் 1995-ல் பேக்நெட் தரநிலை வெளியானது. 2003-ல் ஐஎஸ்ஓ தரநிலையும் ஆயிற்று.

இணைய நெறிமுறையில் ஓடும் பேக்நெட்டுக்கான போர்ட் எண் 47808. விநோதமான எண்ணாகத் தோன்றும். கணினிக்காரர்களின் பதினாறடிமான முறையில் எழுதிப் பார்த்தால் பி, ஏ, சி, 0 என்று வரும். தரநிலைக் குழுவிலும் குறும்புக்காரர்கள் இருந்திருக்கிறார்கள்.

●

'பேக்நெட் கம்பாட்டிபிள்', 'பேக்நெட் ரெடி' என்று கேட்டலாக்கில் அச்சடிக்கச் செலவே இல்லை. பிடிஎல் என்ற சோதனைப் பட்டியல் ஒன்று இருக்கிறது. சோதனைக்கூடத்தில் தேறிய மாடல்கள் மட்டும் அதில் இடம்பெறும், யார் வேண்டுமானாலும் தேடிப் பார்க்கலாம். அதோடு ஒவ்வொரு கருவிக்கும் 'பிக்ஸ்' எனப்படும் திறன் அறிக்கை இருக்கும். எதைப் படிக்க முடியும், எதை மாற்ற முடியும் என்பது அதிலும் கூடவே தரும் புள்ளிப் பட்டியலிலும் தெரியும். அறை வெப்பத்தைக் காட்டும், ஆனால் செட்பாயின்டைத் தூரத்திலிருந்து மாற்ற விடாது என்ற ரகமும் சந்தையில் உண்டு. கொட்டேஷனோடு இந்த இரண்டு காகிதமும் கேளுங்கள். 'அனுப்புகிறோம் சார்' என்று சொல்லிவிட்டு இரண்டு வாரம் போனை எடுக்காத சப்ளையர், ஆர்டர் கொடுத்த பிறகும் அப்படித்தான் இருப்பார்.

●

மோட்பஸ் என்ற நெறிமுறை பேக்நெட்டைவிட மூத்தது. 1979-ல் தொழிற்சாலைக் கன்ட்ரோலர்களுக்காக மோடிகான் நிறுவனம் உருவாக்கியது. எளிமையானது, மலிவானது. அதனாலேயே வம்பும் உண்டு: எண் மட்டும் வரும், அதற்கு அர்த்தம் வராது. 245 என்று வந்தால் 24.5 டிகிரி என்று நீங்கள்தான் வகுத்துக்கொள்ள வேண்டும். கையேட்டில் ரெஜிஸ்டர் 1 என்று போட்டிருப்பதை மென்பொருள் 0 என்று எண்ணும். ஒன்று தள்ளிப் படித்தால் அறை வெப்பம் இருக்க வேண்டிய இடத்தில் மின்விசிறியின் வேகம் வந்து நிற்கும். 0.3 டிகிரி காட்டும் அறையில் யாரும் நடுங்காமல் உட்கார்ந்திருந்தால் முதலில் சந்தேகப்பட வேண்டியது இதை.

●

பேக்நெட்டும் மோட்பஸும் சுவருக்குள் பெரும்பாலும் ஓடுவது ஆர்எஸ்-485 என்ற ஒரே ஜோடிக் கம்பியில். அதன் விதிகள் எளியவை, மீறல்களும் எளியவை. கம்பி ஒரு கருவியிலிருந்து அடுத்ததற்கு என்று சங்கிலியாகப் போக வேண்டும். நடு அறையிலிருந்து நாலா பக்கமும் பிரியக் கூடாது. இரு முனைகளில் மட்டும் 120 ஓம் மின்தடை. மொத்த நீளம் சுமார் 1,200 மீட்டருக்குள். மின்வயர் இழுக்கும் ஆட்களுக்கு லைட்டுக்குப் பிரிப்பதுபோல் பிரித்துப் பழக்கம். அதனால் இதை வரைபடத்தில் எழுதினால் மட்டும் போதாது, கூடவே நிற்க வேண்டும்.

இதைவிட வேடிக்கை ஏ, பி என்ற இரண்டு முனைகள். மூலத் தரநிலைப்படி ஏ என்பது எதிர்முனை. ஆனால் பல தயாரிப்பாளர்கள் ஏ-யை நேர்முனை என்று அச்சடிக்கிறார்கள். இரண்டு பிராண்டு கலந்த சங்கிலியில் ஏ-க்கு ஏ, பி-க்கு பி என்று ஒழுங்காக மாட்டினால் பேசாது. மாற்றி மாட்டினால் பேசும். பிளஸ், மைனஸ் என்று தெளிவாக அச்சடித்திருக்கும் மாடலுக்கு நான் நாலு காசு கூடக் கொடுப்பேன்.

இந்தக் கம்பியில் ஓடும் பேக்நெட்டில் 0 முதல் 127 வரை முகவரி கொடுக்கலாம். அதற்காக 128 தெர்மோஸ்டாட்டையும் ஒரே சங்கிலியில் கோத்துவிடக் கூடாது. பேசும் உரிமை ஒருவர் கையிலிருந்து அடுத்தவர் கைக்குப் போகும் முறை இது. கூட்டம் கூடினால் முறை வரத் தாமதமாகும். 30, 40-ஓடு நிறுத்திக்கொண்டு அடுத்த சங்கிலியைத் தொடங்குவது அனுபவஸ்தர்கள் வழக்கம். இரண்டு கருவிக்கு ஒரே முகவரி வைத்துவிட்டால் அந்தத் தளமே ஊமையாகிவிடும். எது எது என்று கண்டுபிடிக்க ஒவ்வொரு மூடியாகக் கழற்ற வேண்டும்.

●

தெர்மோஸ்டாட்டை எழுதியே கொல்லலாம். பல மாடல்கள் செட்பாயின்டை நினைவுச் சில்லில் நிரந்தரமாகப் பதிகின்றன. அந்தச் சில்லில் ஒரே இடத்தில் இத்தனை முறைதான் எழுதலாம் என்ற ஆயுள் உண்டு. 1 லட்சம் முறை என்பது பல சில்லுகளுக்குச் சொல்லப்படும் அளவு. பிஎம்எஸ் புரோகிராமர் நிமிடத்துக்கு ஒருமுறை '24' என்று அனுப்பிக்கொண்டே இருக்கும்படி எழுதிவைத்தால் ஒரு நாளைக்கு 1,440 பதிவு. 70 நாளில் லட்சம் தாண்டிவிடும். வாரன்டி முடிவதற்குள் ஒரு தளமே வரிசையாகச் செத்தால் சப்ளையரைத் திட்டும் முன் புரோகிராமைப் பாருங்கள். வாங்கும்போதே கேட்க வேண்டிய கேள்வி: எந்தப் புள்ளிகளுக்கு அடிக்கடி எழுதலாம், எவற்றுக்குக் கூடாது?

●

'10 கே சென்சார்' என்று மட்டும் எழுதி ஆர்டர் போடாதீர்கள். டைப் 2, டைப் 3 என்று இரண்டு உண்டு. 25 டிகிரியில் இரண்டுமே 10,000 ஓம் காட்டும். அதனால் அறையில் சோதித்தால் சரியாகவே இருக்கும். குளிர்ந்த பக்கம் போகப் போகப் பிரியும்; 0 டிகிரியில் முதலாவது சுமார் 32,650 ஓம், இரண்டாவது சுமார் 29,490. சில்ட் வாட்டர் குழாயில் 7 டிகிரியை அளக்கப் போனால் தவறு 1 டிகிரிக்கு மேல் இருக்கும். அறை வெப்பம் சரி, குழாய் வெப்பம் மட்டும் தப்பு என்றால் காரணத்தை இங்கே தேடலாம்.

●

வில்லிஸ் கேரியர் 1902-ல் புரூக்ளினில் ஓர் அச்சகத்துக்கு வடிவமைத்த இயந்திரத்தின் குறி மனிதர்களுக்குக் குளிர்ச்சி தருவதல்ல. ஈரப்பதத்தால் காகிதம் விரிந்து சுருங்கி வண்ணங்கள் இடம் மாறி அச்சாகின; அதை நிறுத்த வேண்டும். ஈரத்தை விரட்டப் பிறந்த துறை, பிற்பாடு வெப்பத்தை மட்டும் பார்க்கும் தெர்மோஸ்டாட்டோடு திருப்தி அடைந்துவிட்டது.

சென்னை, கொழும்பு, சிங்கப்பூர் போன்ற கடலோர ஊர்களில் இது பெரிய குறை. அறை 24-ஐத் தொட்டதும் வால்வு மூடும். விசிறி மட்டும் சுற்றிக்கொண்டே இருக்கும். காயிலில் ஒட்டியிருக்கும் ஈரம் அந்தக் காற்றில் ஆவியாகி மறுபடி அறைக்கே திரும்பும். திரையில் 24, உடம்பில் பிசுபிசுப்பு. விருந்தினர் 20-க்கு இறக்குவார். சுவர்க் காகிதத்துக்குப் பின்னால் பூஞ்சை வளரும். ஈரப்பத உணரியும், வால்வு மூடும்போது விசிறியை நிறுத்தும் அல்லது குறைக்கும் செட்டிங்கும் உள்ள மாடல் வேண்டும் என்று கடலோர ஓட்டல் பிஓகியூவில் எழுதாத கன்சல்டன்ட்டை நான் மன்னிப்பதாக இல்லை.

●

சில தெர்மோஸ்டாட்டுகள் எதனோடும் இணைக்கப்பட்டிருக்காது. அமெரிக்க அலுவலகங்களில் புகார் செய்கிறவர்களைச் சமாதானப்படுத்தப் பொம்மைத் தெர்மோஸ்டாட் மாட்டும் பழக்கம் இருந்ததை 2003-ல் பத்திரிகைகள் வெளிச்சத்துக்குக் கொண்டுவந்தன. அங்குள்ள ஏசித் துறைப் பத்திரிகை ஒன்று தன் வாசகர்களிடம் கேட்டபோது, பதில் சொன்னவர்களில் பெரும்பாலோர் தாங்களும் மாட்டியிருப்பதாக ஒப்புக்கொண்டார்கள். புகார்கள் குறைந்தனவாம்!

●

இந்தியாவில் 2020 ஜனவரி 1 முதல், நட்சத்திர முத்திரைத் திட்டத்துக்குள் வரும் அறை ஏசிகள் 24 டிகிரியில்தான் தொடங்க வேண்டும். 1 டிகிரி உயர்த்தினால் சுமார் 6 சதவீதம் மின்சாரம் மிச்சம் என்பது எரிசக்தித் திறன் செயலகமான பீ சொல்லும் கணக்கு. மத்திய ஏசி உள்ள வணிகக் கட்டடத்தில் இதே காரியத்தைச் செய்வது தெர்மோஸ்டாட்டின் 'கீழ் எல்லை' செட்டிங். 22-க்குக் கீழே போகாதே என்று பூட்டலாம். அந்தப் பூட்டு பிஎம்எஸ்ஸிலிருந்து தூரத்தில் மாற்றக்கூடியதா, இல்லை ஒவ்வொரு சுவருக்கும் ஏணி... மன்னிக்கவும், ஆள் அனுப்ப வேண்டுமா என்று கேட்டு வாங்குங்கள்.

யாருக்கு எத்தனை டிகிரி என்ற வழக்கு தீராது. வசதி வெப்பத்தைக் கணக்கிடும் வாய்பாட்டை 1970 வாக்கில் உருவாக்கியவர் டென்மார்க்கின் ஓலே ஃபாங்கர். அதில் மனித உடல் வெளியிடும் வெப்பத்துக்குக் கொள்ளும் வழக்கமான மதிப்பு சராசரி ஆணை வைத்து எடுக்கப்பட்டது, பெண்களுக்கு அது அதிகம் என்று 2015-ல் நெதர்லாந்து ஆய்வாளர்கள் எழுதினார்கள். அலுவலகத்தில் சால்வை போர்த்தி உட்கார்ந்திருப்பவர்களுக்கு இது முன்பே தெரியும்.

●

சுவருக்குள் வரும் பைப்பின் வாயை அடைக்காவிட்டால் ஃபால்ஸ் சீலிங்குக்கு மேலே உள்ள காற்று அந்தக் குழாய் வழியாக இறங்கி தெர்மோஸ்டாட்டின் முதுகில் வீசும். அது அறையை அளக்காது, சீலிங்கை அளக்கும். ஒரு உருண்டை அடைப்பு மெழுகு போதும். வெயில் படும் சுவர், காற்று வரும் கிரில்லுக்கு நேரெதிர், ஜெராக்ஸ் மெஷினுக்கு மேலே, இந்த மூன்றும் ஆகாது.

●

கார்பன் டை ஆக்சைடு உணரியும் சேர்ந்த தெர்மோஸ்டாட் இப்போது பிரபலம். கூட்டம் கூடினால் வெளிக்காற்றைக் கூட்டும். இந்த உணரிகள் பலவற்றில் தானே திருத்திக்கொள்ளும் வசதி உண்டு: சில நாட்களுக்கு ஒருமுறையாவது அறை காலியாகி வெளிக்காற்றின் அளவான 400 சொச்சம் பிபிஎம்முக்கு இறங்கும் என்று நம்பி, பார்த்ததில் மிகக் குறைந்த அளவையே 400 என்று வைத்துக்கொள்ளும். ஒன்பது மணி முதல் ஆறு மணி அலுவலகத்துக்குச் சரி. மூன்று ஷிஃப்ட் ஓடும் கால் சென்டருக்கும் மருத்துவமனை வார்டுக்கும் இந்த நம்பிக்கை பொய்க்கும்; அறை காலியாவதே இல்லை. நாள் போகப் போக உணரி உண்மையைவிடக் குறைத்துக் காட்டத் தொடங்கும். அங்கே இந்த வசதியை அணைக்க முடிகிற மாடல்தான் வேண்டும். பிறகு அவ்வப்போது கையால் திருத்த ஆளும் வேண்டும்.

●

2013-ல் அமெரிக்காவின் டார்கெட் கடைகளில் சுமார் 4 கோடி வாடிக்கையாளர்களின் கார்டு விவரம் களவுபோனது. திருடர்கள் உள்ளே வர உதவியது குளிர்பதனக் கான்ட்ராக்டர் ஒருவரின் லாகின். அதே ஆண்டில் சிட்னியில் கூகுள் அலுவலகம் இருந்த கட்டடத்தின் மேலாண்மை மென்பொருளுக்குள் இரண்டு பாதுகாப்பு ஆய்வாளர்கள் நுழைந்து தளவரைபடம்வரை பார்த்துக் காட்டினார்கள். மென்பொருள் புதுப்பிக்கப்படாமல் கிடந்தது. 2016 ஆகஸ்ட்டில் லாஸ் வேகஸில் நடந்த டெஃப் கான் மாநாட்டில் இரண்டு பிரிட்டிஷ் நிபுணர்கள், பணம் கொடுத்தால்தான் விடுவேன் என்று அடம்பிடிக்கும் நச்சுநிரலை ஒரு தெர்மோஸ்டாட்டிலேயே ஓட்டிக் காட்டினார்கள். அந்த ஆண்டு குளிர்காலத் தொடக்கத்தில் பின்லாந்தின் லாப்பேன்ராந்தா நகரில் இரண்டு குடியிருப்புக் கட்டடங்களின் வெப்பமூட்டும் கன்ட்ரோலர்கள் இணையத் தாக்குதலில் சிக்கி, மறுபடி மறுபடி ரீஸ்டார்ட் ஆகிக்கொண்டே இருந்தன. வெப்பம் நின்றது. அந்த ஊரில் அது வெறும் அசௌகரியம் அல்ல.

பிரிட்டனில் 2024 ஏப்ரல் 29 முதல், நுகர்வோருக்கு விற்கும் இணையக் கருவிகளில் எல்லாவற்றுக்கும் ஒரே பாஸ்வேர்டு வைத்து அனுப்புவது சட்டவிரோதம். நம் சைட்டுகளில் '1234'-க்கு இன்னும் ஓய்வு கொடுக்கவில்லை. பேக்நெட்டின் பாதுகாப்பான வடிவமான பேக்நெட் எஸ்சி வந்துவிட்டது. ஆனால் சுவர்த் தெர்மோஸ்டாட்டுகளில் பெரும்பான்மை இன்னும் பழைய வடிவத்தில்தான் பேசுகின்றன. ஆகவே கட்டடக் கருவிகளுக்கான வலைப்பின்னலை அலுவலக வலைப்பின்னலிலிருந்து பிரித்து வையுங்கள் என்று ஐடி துறையிடம் டெண்டர் நிலையிலேயே பேச வேண்டும். ஹேண்டிங் ஓவர் வாரத்தில் போய்க் கேட்டால் கதவைச் சாத்துவார்கள்.

●

கம்பெனியின் சர்வர் நின்றால் கருவி என்னாகும்? ரிவால்வ் என்ற வீட்டுக் கன்ட்ரோல் பெட்டியை நெஸ்ட் நிறுவனம் வாங்கி, 2016-ல் சர்வரை நிறுத்தியது, பெட்டி செத்தது. 2025 அக்டோபர் 25-ஆம் தேதியோடு முதல் இரண்டு தலைமுறை நெஸ்ட் தெர்மோஸ்டாட்டுகளுக்கு கூகுள் ஆதரவை நிறுத்தியது. சுவரில் இயங்கும், போனிலிருந்து இயக்க முடியாது. இவை வீட்டுச் சாமான்கள். ஆனால் இதே பாணியில் மேகத்தை மட்டும் நம்பும் மாடல்களை அலுவலகங்களுக்கும் விற்கிறார்கள். சில்லர் இருபது ஆண்டு உழைக்கும். இணையம் இல்லாமல் உள்ளூரிலேயே பிஎம்எஸ்ஸோடு பேசும் வழி இல்லாத தெர்மோஸ்டாட்டை அதன் பக்கத்தில் நிறுத்த வேண்டாம்.

●

ஒரே வெளியூனிட்டில் பல உள்யூனிட்டுகள் ஓடும் விஆர்எஃப் அமைப்பின் ரிமோட்டை எடுத்துவிட்டு உங்களுக்குப் பிடித்த தெர்மோஸ்டாட்டை மாட்ட முடியாது. 1982-ல் டைக்கின் அறிமுகப்படுத்திய விஆர்வி தொடங்கி, ஒவ்வொரு தயாரிப்பாளரும் தமக்கென்று ஒரு மொழி வைத்திருக்கிறார்கள். நடுவில் கேட்வே வேண்டும். அதன் விலையையும் அது எத்தனை உள்யூனிட்டுகளைத் தாங்கும் என்பதையும் ஏசி விலையோடு சேர்த்தே கேட்டுவிடுங்கள். பிறகு கேட்டால் வேறு விலை.

●

வயர்லெஸ் மாடலை வெளிநாட்டிலிருந்து வரவழைக்கும்போது அலைவரிசையைப் பார்க்க வேண்டும். அமெரிக்காவில் 902 முதல் 928 மெகாஹெர்ட்ஸ் வரை திறந்துவிடப்பட்டிருக்கிறது. இந்தியாவில் உரிமம் இல்லாமல் பயன்படுத்தலாம் என்பது 865-ஐ ஒட்டிய பட்டை. அமெரிக்கப் பெட்டி இங்கே சட்டப்படி செல்லாது. வைஃபை, ஸிக்பீ மாடல்களுக்கும் தொலைத்தொடர்புத் துறையின் டபிள்யூபிசி பிரிவு தரும் ஈடிஏ அனுமதி வேண்டும். அந்தச் சான்றின் எண் கொட்டேஷனில் இல்லையென்றால், சரக்கு துறைமுகத்தில் நிற்கும்போது உங்கள் இன்டீரியர் கான்ட்ராக்டர் சுவரில் பெயின்ட் அடித்து முடித்திருப்பார்.

அமெரிக்க மாடல்கள் சிலவற்றில் கோடைகால நேர மாற்றம் தானாக ஓடும்படி அமைத்திருப்பார்கள். அணைக்க மறந்தால் மார்ச்சில் ஒருநாள் அலுவலக ஏசி ஒரு மணி நேரம் முன்னதாக விழித்துக்கொள்ளும்.

●

டெண்டரில் 'அல்லது இணையான' என்ற இரண்டு சொல்லில் எல்லா நல்லெண்ணமும் ஓடிவிடும். இணையானதா என்பதைக் கேட்டலாக்கில் முடிவு செய்யாமல் ஒரு மாதிரி அறையில் முடிவு செய்யலாம்: உண்மையான ஃபேன் காயில், உண்மையான வால்வு, உண்மையான பிஎம்எஸ் கன்ட்ரோலர், இரண்டு தெர்மோஸ்டாட். ஒரு வாரம் ஓடட்டும். மின்சாரத்தை நிறுத்திப் போடுங்கள். பழைய செட்பாயின்டுக்குத் திரும்புகிறதா, தொழிற்சாலை அளவுக்குத் தாவுகிறதா என்று தெரியும். பேச்சுக் கம்பியைப் பிடுங்குங்கள். தனியாகவே அறையைச் சமாளிக்க வேண்டும். ஜெனரேட்டருக்கு மாறும் நொடியில் எத்தனை தடவை தடுமாறுகிறது என்றும் பாருங்கள், நம் ஊரில் அது தினசரிச் சோதனை.

உதிரியை முதல் ஆர்டரோடு சேர்த்து வாங்குவது நல்லது, நூற்றுக்கு மூன்று நான்கு. இரண்டு ஆண்டு கழித்து வரும் அதே மாடலில் ஃபர்ம்வேர் பதிப்பு வேறாக இருக்கலாம். புள்ளிப் பட்டியல் இடம் மாறியிருந்தால் ஒரு பெட்டியை மாற்ற புரோகிராமர் வர வேண்டும்.

●

கடைசியாக, எல்லோரும் மறக்கும் அளவு ஒன்று. பிரிட்டிஷ் பாணிச் சதுரச் சுவர்ப் பெட்டியில் இரண்டு திருகுக்கும் இடைவெளி 60.3 மில்லிமீட்டர். அமெரிக்கச் செங்குத்துப் பெட்டியில் 83.3. நம் மாடுலர் பெட்டிகள் வேறு கணக்கு. சீனாவிலிருந்தோ ஐரோப்பாவிலிருந்தோ வரும் ஃபேன் காயில் தெர்மோஸ்டாட்டுகளில் பல முதல் ரகத்துக்குச் செய்யப்பட்டவை. எலக்ட்ரிகல் கான்ட்ராக்டர் சுவிட்சுக்கு வைக்கும் அதே பெட்டியை இதற்கும் வைத்துப் பூசிவிடுவார். தெர்மோஸ்டாட் வந்து இறங்கும்போது திருகு ஓட்டை பொருந்தாது. பெட்டியை உடைத்து எடுத்து மறுபடி பூச வேண்டும். மாடல் முடிவானதும் அந்தப் பின்தட்டின் வரைபடத்தை முதலில் அனுப்ப வேண்டியது பிஎம்எஸ்காரருக்கு அல்ல, சுவரை வெட்டுகிறவருக்கு.